துஷியின் சம்பளம்

றக்வான
11.05.2025

அன்புள்ள துஷி,

உன் அம்மா சுகமாக இருக்கிறார். இதை முதல் வரியில் எழுதிவிட்டால்தான் மீதியை நீ நிதானமாக வாசிப்பாய். நானும் சுகம், என் வீட்டுக்காரர் நிலாமும் சுகம், கடையும் ஏதோ ஓடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நீ நீதவான் ஆகிவிடுகிறாய். "ம்" என்கிறாய், "சரி" என்கிறாய், "அதைப் பற்றி வேண்டாமே" என்கிறாய். யாரோ பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வது மாதிரி இருக்கிறது. அதனால்தான் கடிதம். இரத்தினபுரி போர்டிங்கில் ஒரே அறையில் இருந்துகொண்டே, சண்டை வந்தால் தலையணைக்கடியில் கடிதம் வைப்போமே, அந்த ஸுமி எழுதுகிறாள் என்று நினைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை உங்கள் அரம்பகந்த தோட்டத்தில், மேல் டிவிஷனான மேற்கணக்கில் எனக்குக் கிளினிக். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஒரே பனிமூட்டம். படியேறும்போது என் கால்களே எனக்குத் தெரியவில்லை. தேயிலையும் இல்லை, லயத்து வீடுகளும் இல்லை, வெள்ளையாக ஒன்று மட்டும் இருந்தது. நான் நடக்கிறேனா மிதக்கிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதற்குள்ளிருந்து "மிஸ்ஸி வாறாங்க, மிஸ்ஸி வாறாங்க" என்று குரல் மட்டும் வருகிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "உங்க செருப்புச் சத்தம் எங்களுக்குத் தெரியாதா மிஸ்ஸி?" என்றார்கள். பத்து வருடம் மிட்வைஃபாக இந்த மலையில் ஏறி இறங்கி நான் சம்பாதித்தது அதுதான் போலிருக்கிறது.

உன் இருளாயி அம்மாவுக்கு விரல் மூட்டுகளில்தான் வலி. மருந்து தடவிவிட்டேன். "எம் மக ஜட்ஜம்மாவா இருக்கா, இந்த வலிக்கு ஒரு ரிமாண்ட் போட மாட்டாளா?" என்று கேட்கிறார். இந்த வயதில் என்ன வாய், அல்லாஹ்வே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிலாம் கடையில் பருப்புச் சுற்ற வைத்திருந்த பேப்பரில் ஒரு பெரிய மனிதர் எழுதியிருக்கிறார். நீதிபதிகளுக்கு மற்ற எல்லா அரசாங்க உத்தியோகத்தரையும்விடக் கூடுதலாகச் சம்பளம் கொடுக்கவேண்டுமாம். கொடுத்தால்தான் நீதி நிமிர்ந்து நிற்குமாம். அந்தக் கிழமைதான் எங்கள் மேலதிகக் கொடுப்பனவை வெட்டியதற்காக நாங்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தோம். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்!

நீயும் நானும் ஒரே அறையில் படித்தவர்கள். நீ கறுப்புக் கோட்டுக்குப் போனாய், நான் வெள்ளைக் கவுனுக்கு வந்தேன். உனக்குச் சிக்கலான வழக்கு வந்தால் ஒத்திவைக்கலாம். நான் பிள்ளையை ஒத்திவைக்க முடியுமா? எந்தத் தாயை எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று மூட்டத்துக்குள் நின்றுகொண்டு நான்தான் தீர்ப்புச் சொல்கிறேன். பிழைத்தால் மேன்முறையீடு கிடையாது. பிறகு உனக்கு மட்டும் ஏன் கூட?

கோபமில்லை. பொறாமை கொஞ்சம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். பதில் எழுது.

உன்
ஸுமி


நீதவான் விடுதி,
கேகாலை மாவட்டம்
20.05.2025

அன்புள்ள ஸுமி,

"பிள்ளையை ஒத்திவைக்க முடியுமா" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலுக்கு நிற்கும் பொலிஸ்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். இந்த வீட்டில் நான் சிரிப்பது ஒரு சம்பவம்.

உன் வேலை என் வேலையைவிடக் கடினம். இதை எழுதித் தருகிறேன், கையெழுத்தும் வைக்கிறேன். அம்மாவின் கொழுந்து பறிக்கிற வேலை நம் இருவரின் வேலையையும்விடக் கடினம். அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்குத்தான் ஆகக் குறைவாகக் கொடுக்கவேண்டும். நாள் முழுக்க மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் இது வேலைக்குக் கொடுக்கிற காசு இல்லை ஸுமி. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒன்று நடந்தது, அதைச் சொல்கிறேன். இங்கே வந்த புதிதில் வரக்காப்பொலையில் காரை நிறுத்தி எள்ளுருண்டை வாங்கினேன். கடைக்காரம்மா என்னை யாரென்று தெரிந்துகொண்டு, "மிஸ் தனியத்தானே, கொண்டுபோய்ச் சாப்பிடுங்கோ" என்று ஒரு பொதி கூடப் போட்டுத் தந்தார். அவ்வளவு அன்பாகச் சொன்னார். வாங்கிவந்து, வராந்தாவில் உட்கார்ந்து, மழையைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் தின்றேன். மூன்றாம் நாள் அந்த அம்மாவின் அண்ணன் என் கூண்டில் நிற்கிறார். என் பல்லிடுக்கில் இன்னும் எள் இருந்தது. வழக்கை வேறு நீதவானிடம் அனுப்பினேன். அன்றிலிருந்து கடைக்கு நான் போவதில்லை, காவல்காரர்தான் போகிறார்.

கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்கார முடியாது. கோயிலுக்குப் போனால் ஐயர் முதல் தட்டை எனக்கு நீட்டுகிறார், பின்னால் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். சொந்தத் தோட்டத்துக்கு வந்தால் அம்மாவின் லயத்துக் காம்பிராவுக்கு முன்னால் மனுக்களோடு வரிசை நிற்கிறது. மூன்று வருடம் முடிய, கொஞ்சம் பழகிய முகங்களையும் விட்டுவிட்டு வேறு ஊர். யாரிடமும் கடமைப்படாமல் ஒரு மனுஷி வாழவேண்டுமென்றால் அவளுக்குக் கொஞ்சம் கூடத்தான் கொடுக்கவேண்டும் என்று எவரோ யோசித்திருக்கிறார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் நீ கேட்கும்போது வெட்கமாகவும் இருக்கிறது.

நேற்று மதிய இடைவேளையில் அறையில் கண்ணயர்ந்துவிட்டேன். ஒரு கனவு. நான் நீதிமன்றத்தில் இல்லை, அம்மாவின் மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆட்கள் கூடையோடு வரிசையாக வருகிறார்கள். தராசில் வைக்கிறார்கள், முள் அசையவே இல்லை. கூடை நிறைய மூட்டம்தான் இருக்கிறது. எல்லாரும் பொறுமையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எழுந்தபோது பதிவாளர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் விரல்களை நீ தொட்டாய் என்று வாசித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அடிக்கடி போ. கோபமாகவாவது எழுது.

அன்புடன்
துஷி


றக்வான
01.06.2025

என் நீதவானே,

எள்ளுருண்டைக் கதையை நிலாமுக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம் அந்தப் புள்ள, எனக்கு அந்த வேலையைத் தந்தாலும் வேணாம்" என்றார். உன் பக்கம் சேர்ந்துவிட்டார், துரோகி.

நான் சேரமாட்டேன். எனக்கும்தான் தருகிறார்கள், தெரியுமா? முட்டை தருகிறார்கள், பூசணிக்காய் தருகிறார்கள். ஒருத்தி உயிருள்ள சேவலைக் காலைக் கட்டித் தந்தாள். பஸ்ஸில் அது என் மடியிலிருந்து கூவி, கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான். நான் எல்லாவற்றையும் வாங்குகிறேன், சமைத்துச் சாப்பிடுகிறேன். அடுத்த கிழமை முட்டை தந்தவளுக்கும் தராதவளுக்கும் ஒரே மாதிரித்தான் பிரஷர் பார்க்கிறேன். மெஷின் முட்டையைப் பார்ப்பதில்லை. உங்கள் நீதிமன்றத்தில் மட்டும் மனுஷர் காட்டும் அன்பு ஏன் நஞ்சாகிறது? பெலவீனம் உங்களிடம் இருக்க, அதற்கு அரசாங்கம் ஏன் சம்பளம் கூட்டவேண்டும்? இதற்குப் பதில் சொல் பார்ப்போம்.

ஏழாம் திகதி ஹஜ்ஜுப் பெருநாள். நாங்கள் நிவித்திகலைக்கு உம்மா வீட்டுக்குப் போகிறோம். நீயும் வரவேண்டும். போர்டிங்கில் இருந்த இரண்டு வருடமும் பெருநாளுக்கு நீ எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாய். உம்மா இன்னும் கேட்கிறார், "துஷ்யந்திப் புள்ள இந்த முறையாவது வருவா தானே? அவக்கு ஆட்டிறைச்சி வேணாம், கோழிப் புரியாணி தனியா ஆக்கி வெக்கிறேன்" என்று. சாக்குச் சொல்லாதே.

ஒரு விஷயம். மேற்கணக்கில் வெள்ளிக்கிழமை ஐந்து நிமிஷம் மூட்டம் விலகியது. உன் அம்மா கையை நீட்டி, "அந்தா தூரத்துல வெள்ளையாத் தெரியுதே, அதுதான் எம் மக கோர்ட்டா?" என்று கேட்டார். அது கீழ் டவுண் பள்ளிவாசல். நான் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அவர் கும்பிட்டார்.

உன்
ஸுமி


நீதவான் விடுதி
12.06.2025

அன்புள்ள ஸுமி,

உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். நான் வராமல் இருக்கவில்லை, பாதி தூரம் வந்தேன்.

பெருநாளன்று காலையில் நீ தந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு நானே காரை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் இறப்பர் மரங்களுக்கிடையில் வெயில் பட்டுப் பட்டு அணைந்தது. எனக்குப் பதினெட்டு வயது மாதிரி இருந்தது. அவிசாவளை தாண்டியதும் உன் மச்சான் முக்தாரின் நினைப்பு வந்தது. அவருக்கு இரத்தினபுரியில் காணி வழக்கு நடக்கிறது இல்லையா? அது என் நீதிமன்றம் இல்லை. ஆனால் அந்த நீதிபதி என் நண்பர். நான் பந்தியில் முக்தார் நானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புரியாணி சாப்பிட்டதை மறுநாள் நான்கு பேர் பேசுவார்கள். முக்தார் நானாவே பெருமைக்குச் சொல்லுவார், அவரில் பிழையில்லை. ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அரைமணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அழுதேன் ஸுமி. முப்பத்தைந்து வயதில் புரியாணிக்கு அழுத நீதவான் இலங்கையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்பு ஏன் நஞ்சாகிறது என்று கேட்டாய். என் முன்னால் நிற்பவர்களில் சிலருக்கு மட்டும்தான் அன்பானவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கக்கூட ஆள் இல்லை. யாருக்கு ஆள் இருக்கிறது என்று நான் பார்க்கத் தொடங்கினால், ஆள் இல்லாதவன் எங்கே போவான்? உன்னிடம் இருப்பது மாதிரி ஒரு மெஷின் என்னிடம் இல்லை. என் மனதால்தான் அளக்கவேண்டியிருக்கிறது. நீ சொல்வது சரி, அது பெலவீனமானது. அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு வேலியும்.

இந்த வேலிக்குள் வருவது உன் கடிதம் ஒன்றுதான். தபால்காரரின் மணி கேட்டால் நான் வழக்கேட்டை மூடிவைக்கிறேன். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஸுமி. எந்த வழக்கைப் பற்றியும் எனக்கு எழுதாதே. ஒரு வரி, ஒரு பெயர்கூட வேண்டாம். அப்படி எழுதினால் அந்தக் கடிதம் எனக்கு வந்ததாகாது, நீதிமன்றத்துக்கு வந்ததாகிவிடும். உன்னை நான் இழக்கவேண்டிவரும். எனக்கு வேறு யாரும் இல்லை.

அம்மாவிடம் பொய் சொன்னதற்கு நன்றி.

துஷி


றக்வான
03.07.2025

அன்புள்ள துஷி,

அம்மா சுகம். விரல் வீக்கம் குறைந்திருக்கிறது. மழை விடவேயில்லை. தோட்டப் பாதை எல்லாம் ஓடை. நான் ஒரு சோடிச் செருப்பைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன், அட்டைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

உங்கள் தோட்டத்துக்கு அடுத்த மலையில், காட்டுத் தோட்டம் என்பார்களே, அங்கே மூக்கையா என்று ஒரு பெரியவர். அவருடைய மருமகள் நிரோஷா. இருபத்துமூன்று வயது, முதல் பிள்ளை, எட்டு மாதம் முடிகிறது. என் கையில் இருக்கிற தாய்மாரில் எனக்கு ஆகப் பயம் தருகிறவள் அவள்தான். பிரஷர் ஏறி நிற்கிறது. கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே இருக்கிறது. வோர்டில் போய்ப் படுக்கவேண்டும். கடிதம் எழுதிக் கொடுத்தேன், திட்டினேன், கெஞ்சினேன். "அவரு வந்தாத்தான் போவேன் மிஸ்ஸி. அவரு இல்லாம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா நான் திரும்பி வரமாட்டேன்னு மனசு சொல்லுது" என்கிறாள். அவளுடைய அம்மா அப்படிப் போய்த் திரும்பி வராதவள். என்ன சொல்லியும் கேட்கிறாளில்லை.

அவர் என்பது ஏழுமலை, புருஷன். லொறி ஓடுகிறவன். பெர்மிட் இல்லாத மரம் ஏற்றிய லொறியோடு கேகாலைப் பக்கம் பிடிபட்டு ரிமாண்டில் இருக்கிறான். மரம் முதலாளியுடையது, முதலாளியைக் காணோம். வருகிற பதினோராம் திகதி வழக்குத் தவணையாம். உன் கோர்ட்டில்தான்.

நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை துஷி. பிணை கொடு என்று எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஒரு பெண்ணுடைய கால் வீங்கியிருக்கிறது என்று என் சிநேகிதிக்கு எழுதுகிறேன், அவ்வளவுதான். இதை எழுதாமல் பதினோராம் திகதி வரைக்கும் என்னால் சோறு தின்ன முடியாது.

வாசித்துவிட்டுக் கிழித்துப் போடு.

உன்
ஸுமி


நீதவான் நீதிமன்றம்,
கேகாலை மாவட்டம்
09.07.2025

திருமதி ஸுமைரா நிலாம்,
குடும்பநல உத்தியோகத்தர்,
றக்வான.

அம்மணி,

03.07.2025 எனத் திகதியிடப்பட்ட தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. அக்கடிதம் இந்நீதிமன்றில் நிலுவையிலுள்ள வழக்கொன்றின் சந்தேகநபர் தொடர்பானதாகையால், அது வழக்கேட்டில் சேர்க்கப்பட்டு, மேலிடத்துக்கும் அறிவிக்கப்பட்டுள்ளது. மேற்படி வழக்கை நான் விசாரிப்பது முறையன்று என்பதால், பிறிதொரு நீதிமன்றுக்கு மாற்றுமாறு கோரியுள்ளேன்.

நிலுவையிலுள்ள வழக்குகள் தொடர்பாக நீதவானுக்கு நேரில் எழுதுவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ச. துஷ்யந்தி
நீதவான்


றக்வான
02.08.2025

துஷி,

உன் அம்மா சுகம். அதை இந்த முறையும் முதலில் எழுதுகிறேன், பழகிவிட்டது.

அம்மணி என்று எழுதியிருந்தாய். நல்ல கையெழுத்து. தட்டச்சு செய்யக் கொடுக்காமல் நீயே எழுதினாய் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அதற்காக நன்றி சொல்லவேண்டுமா என்று தெரியவில்லை.

பதினோராம் திகதி மூக்கையா ஐயா காலையில் முதல் பஸ்ஸில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். வழக்கு வேறு கோர்ட்டுக்குப் போகிறது, இருபத்தைந்தாம் திகதி வரை ரிமாண்ட் என்றார்களாம். ஏனென்று அவருக்கு விளங்கவில்லை. அவர்களுக்குக் கோர்ட்டும் மழை மாதிரித்தான், வரும்போது வரும். வந்து நிரோஷாவிடம், "இன்னம் ரெண்டு கெழமைதான் தாயி" என்று சொன்னார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

நான் தினமும் போனேன். என் ஏரியாவில் மற்றத் தாய்மாரை விட்டுவிட்டுப் போனேன். பதினேழாம் திகதி காலையில் பார்க்கிறேன், வலிப்பு வந்து கிடக்கிறாள். பலகையில் கிடத்தி நான்கு பேர் தூக்கினார்கள். ஒரே மூட்டம். முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குத் தெரியவில்லை. "படி, படி, திருப்பம்" என்று நான் சத்தம் போட்டுக்கொண்டே இறங்கினேன். அந்த வெள்ளைக்குள் நாங்கள் எங்கேயும் போகவில்லை, ஒரே இடத்திலேயே நடந்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. கீழே ரோட்டில் அம்புலன்ஸ் நின்றது.

நிரோஷா தப்பிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு நாள் இருந்தது. பத்தொன்பதாம் திகதி மௌத்தாகிவிட்டது. மூக்கையா ஐயாதான் குழி வெட்டினார்.

இருபத்தைந்தாம் திகதி அந்தக் கோர்ட்டில் ஐந்து நிமிஷத்தில் பிணை கொடுத்தார்கள். பொலிஸ் ஆட்சேபிக்கவே இல்லையாம். ஏழுமலை மலையேறி வந்து என்னிடம் ஒன்றுதான் கேட்டான். "புள்ள யாரு மாதிரி இருந்துச்சு மிஸ்ஸி?" நான் "உங்க அம்மா மாதிரி" என்று சொன்னேன். அவனுடைய அம்மாவை நான் கண்டதேயில்லை.

அவன் பதினோராம் திகதியே வந்திருந்தால் அவள் மறுநாளே வோர்டுக்குப் போயிருப்பாள். பிள்ளை தப்பியிருக்குமா என்று டொக்டரிடம் கேட்டேன். சொல்லமுடியாது என்றார். ஆனால் அவன் அதைத் தூக்கியாவது பார்த்திருப்பான்.

எங்கள் அலுவலகத்திலிருந்து என்னிடம் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன், எச்சரித்து விட்டுவிட்டார்கள். அது எனக்குப் பெரிதில்லை. நான் எழுதியதால்தான் இது நடந்தது என்று மலையில் யாருக்கும் தெரியாது. எனக்கு இன்னும் முட்டை தருகிறார்கள். வாங்க முடியவில்லை.

ஒன்று மட்டும் சொல். அந்தக் கடிதத்தை நீ அடுப்பில் போட்டிருந்தால் என்ன? யார் கேட்டிருப்பார்கள்? இதற்காகவா உனக்குக் கூடச் சம்பளம் தருகிறார்கள்?

ஸுமைரா


நீதவான் விடுதி
11.08.2025

அன்புள்ள ஸுமி,

உனக்கு உண்மை சொல்கிறேன். வேறு எதையும் தர என்னிடம் இல்லை.

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே அந்தக் கோப்பை நான் வாசித்துவிட்டேன். ஓரத்தில் பென்சிலால் "பிணை" என்று குறித்தும் வைத்திருந்தேன். அவனுக்குப் பதினோராம் திகதி பிணை கிடைத்திருக்கும். நீ எழுதாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். இதை உன்னிடம் மறைத்துவிடலாம் என்றுதான் இரண்டு நாள் யோசித்தேன். மறைத்தால் வேறொருத்தியாக உன்னிடம் பேசவேண்டியிருக்கும் என்பதால் எழுதுகிறேன். என்னை வெறுத்துவிடு, உன்னை வெறுக்காதே.

அடுப்பில் போட்டிருக்கலாம். ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். சமையலறைக்குக் கொண்டும் போனேன். பால் காய்ந்துகொண்டிருந்தது, அது பொங்கி வழியும்வரை கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு கோப்பைத் திறந்தால் ஏழுமலையின் பெயர் இருந்த இடத்தில் ஒரு பெண்ணுடைய கால் தெரிந்தது. என் பென்சில் எழுத்து எனக்கே யாரோ எழுதியது மாதிரி இருந்தது.

அதே பதினோராம் திகதி ஐயாவு என்று இன்னொரு ஆளின் வழக்கும் இருந்தது. இறப்பர் வெட்டுகிறவர். கூண்டில் நின்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்க யாரும் வந்திருக்கவில்லை. அவருக்குப் பிணை இல்லை என்று உத்தரவிட்டேன். சட்டப்படி சரிதான். ஆனால் அவர் வீட்டிலும் ஒரு நிரோஷா இருந்திருக்கலாம். அவளுக்காக எனக்கு எழுத அங்கே ஒரு ஸுமி இல்லை. ஏழுமலைக்கு நான் பிணை கொடுத்துவிட்டு அந்த மனுஷரின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பிணை கொடுத்தது நானா நீயா என்று எனக்கு எப்போதும் தெரியாமல் போயிருக்கும். உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு வேலை என்று இருப்பது அது ஒன்றுதான்.

அந்தப் பிள்ளையை நான் பார்த்தேன் ஸுமி. நீதிமன்றம் நடந்துகொண்டிருக்கும்போது, பட்டப்பகலில், விழித்துக்கொண்டே கண்ட கனவு மாதிரி. மழைக்கு எல்லாரும் குடையோடு உள்ளே ஒதுங்கி நின்றார்கள், அவர்களுக்கு நடுவில் யாரோ ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை வைத்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், நான் பார்க்கவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். கோர்ட் முதலியார் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்.

இராஜினாமாக் கடிதம் எழுதினேன், மேசையில் ஒரு கிழமை கிடந்தது. கிழித்துவிட்டேன். எனக்குப் பதிலாக வருகிறவர் அந்தக் கடிதத்தை அடுப்பில் போடுகிறவராக இருந்தால், ஐயாவு மாதிரி ஆட்களுக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன். இது பெருமையாகத் தெரிகிறதா?

எனக்கு இன்னும் இருபத்தாறு வருட சேவை இருக்கிறது. உன் மலையிலிருந்து யாராவது, என்றைக்காவது, என் முன்னால் வந்து நிற்கத்தான் போகிறார்கள். நீ அவர்களுக்காகப் பேசாமல் இருக்கமாட்டாய். பேசாமல் இருந்தால் நீ ஸுமி இல்லை. அதனால் இனி எனக்கு எழுதாதே. நானும் எழுதமாட்டேன். அம்மாவைப் பார்க்கப் போகவேண்டாம் என்று மட்டும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

என்னை மன்னி என்று கேட்கமாட்டேன். நிரோஷாவிடம் கேட்கவேண்டியதை உன்னிடம் கேட்பது நியாயமில்லை.

துஷி


றக்வான
20.08.2025

அன்புள்ள துஷி,

இது கடைசி. இதில் வழக்கு ஒன்றும் இல்லை, உன் பதிவாளரிடம் கொடுக்கவேண்டாம். பதிலும் போடாதே.

பென்சில் விஷயத்தை வாசித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் போனேன். காட்டுத் தோட்டத்துக்கு ஏறி, நிரோஷாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் எழுதியதையும் நீ செய்ததையும் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் விஷயத்தை நீ மறைக்காததைப் பார்த்துத்தான் எனக்கு அந்தத் துணிவு வந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்காகவா மிஸ்ஸி ஜட்ஜம்மாவுக்கு எழுதினீங்க?" என்று கேட்டாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். மூட்டம் வந்து எங்களை மூடிவிட்டது, யாரும் காணவில்லை.

உன் அம்மாவிடம் வெள்ளிக்கிழமைகளில் போவேன். உனக்காக இல்லை, எனக்காக. அவர் கேட்டால் நீ சுகமாக இருக்கிறாய் என்று சொல்வேன்.

நான் உன்னை வெறுக்கவில்லை. வெறுக்கப் பார்த்தேன், வரவில்லை. நீ செய்தது சரி என்றும் சொல்லமாட்டேன். அந்த ஐயாவு என்கிற மனுஷரைப் பற்றி இரண்டு தரம் யோசித்தேன், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சம்பள விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன். உங்களுக்குக் கூடக் கொடுக்கிறார்கள் என்று இனி ஒருநாளும் வாதாடமாட்டேன். இப்போது எனக்குக் கோபமே வேறு. உனக்குச் சம்பளம் தருகிறவர்கள் பதினேழு வருடத்துச் சிநேகிதியை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அவ்வளவுதானா தருகிறார்கள்?

நான் அவ்வளவு மலிவா, துஷி?

உன்
ஸுமி